அழகுத்தாய்க்கு மழை கேட்கவில்லை

மூச்சு விடக் கற்றுக்கொடுப்பதற்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் வரப்போகிறாள் என்ற செய்தி தீப்பெட்டி ஆபீசுக்குள் வந்தபோது, பெட்டி அடைக்கிற கொட்டகையில் இருந்த நாற்பது பெண்களும் கையை நிறுத்தாமலேயே சிரித்தார்கள். அழகுத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. மற்றவர்களைச் சிரிக்க வைப்பதோடு சரி. தான் சிரித்துக்கொள்வது அவளுக்குப் பழக்கமில்லை.

“இத்தன வருசமா நாம என்னத்தட்டி விட்டுக்கிட்டு இருந்தோம்? பீடிப் பொகையவா?” என்றாள்.

கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். மேஜை நாற்காலி கிடையாது, தரையில் உட்கார்ந்து குச்சி அள்ளிப் பெட்டிக்குள் அடைக்க வேண்டும், சாயங்காலம் எழுந்திருக்கும்போது இடுப்பு தனியாக எழுந்திருக்க வேண்டும். ஆனாலும் ஆபீஸ். அந்த ஆபீசின் முதலாளி மகன் செல்வகணேஷ் இரண்டு வருடம் கோயம்புத்தூரில் நிர்வாகம் படித்துவிட்டு, கையில் ஒரு செல்போனோடும் தலைக்குள் நிறைய யோசனைகளோடும் 2003-ல் ஊர் திரும்பியிருந்தான். கொட்டகையில் மூன்று மாதமாக ஓடாமல் தொங்கிக்கொண்டிருந்த ஃபேனைப் பற்றி அழகுத்தாய் அவனிடம் சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே, “மனசு குளிர்ந்தா எல்லாம் குளிர்ந்துரும்க்கா” என்றான். மறுவாரம் ஃபேன் ரிப்பேர்காரன் வரவில்லை, கிருஷ்ணப்ரியா வந்து இறங்கினாள்.

முப்பது வயதிருக்கும். கைத்தறிப் புடவை, பெரிய பொட்டு, தோளில் ஒரு ஜோல்னாப் பை, கையில் தண்ணீர் பாட்டில். ஒவ்வொரு வார்த்தையையும் பஞ்சில் சுற்றித்தான் வெளியே விட்டாள். சாப்பாட்டு மணிக்குப் பிறகு தினமும் அரை மணி நேரம் வகுப்பு. எல்லாரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மூச்சு உள்ளே போவதைப் பார்க்க வேண்டும். வெளியே வருவதைப் பார்க்க வேண்டும். மனசில் வலி இருந்தால் அதை விரட்டக் கூடாதாம், ‘வா, உட்கார்’ என்று சொல்ல வேண்டுமாம்.

“வந்தவுகளுக்குக் காப்பித்தண்ணி குடுக்கணுமா வேண்டாமா, அதையும் கேட்டுச் சொல்லுங்க” என்றாள் அழகுத்தாய். கொட்டகையே குலுங்கியது. கிருஷ்ணப்ரியாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் படித்துப் பாஸ் பண்ணின சிரிப்பு மாதிரியே இருந்தது.

அழகுத்தாய்க்கு நாற்பத்தாறு வயது. இந்தக் கொட்டகையில் இருபத்தாறு வருடம். அவள் வாயில் விழாத ஆள் ஆபீசில் கிடையாது. மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு அழுதுகொண்டு வருகிறவளை, “இன்னிக்கு எந்தச் சட்டிக்காகட்டி சண்ட?” என்று கேட்பாள். புருசன் அடித்தான் என்று வருகிறவளிடம், “நீ என்ன கையக் கட்டிக்கிட்டா நின்ன?” என்பாள். திட்டிக்கொண்டே தன் தூக்குவாளியைத் திறந்து பாதிச் சோற்றை அவள் முன்னால் தள்ளிவைப்பாள். அவளிடம் திட்டு வாங்காத அன்றைக்குத்தான் மற்றவர்களுக்குக் கவலையாக இருக்கும்.

அப்படிப்பட்டவளின் கை நாற்பது நாளாகச் சரியில்லை.

பெட்டி அடைக்கிறவளுக்கு எண்ணத் தெரிய வேண்டாம். கைக்குத் தெரியும். குவியலுக்குள் விரலை விட்டு ஒரு அள்ளு அள்ளினால் நாற்பது குச்சி. பெட்டிக்குள் தள்ளி மூடிவிட்டு அடுத்தது. பேசிக்கொண்டே அடைக்கலாம், தூங்கி வழிந்துகொண்டும் அடைக்கலாம். அழகுத்தாயின் கை இருபத்தாறு வருடத்தில் ஒரு குச்சி கூட்டி எடுத்ததில்லை, ஒரு குச்சி குறைத்தும் எடுத்ததில்லை என்று புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு அவள் கையைத்தான் காட்டுவார்கள். அந்தக் கை இப்போது முப்பத்தைந்து எடுத்தது. நாற்பத்துமூன்று எடுத்தது. அடைத்த பெட்டிகளைப் பிரித்துப் பார்க்கிற சுகுணா தயங்கித் தயங்கி அவளுடைய பண்டல்களைத் திருப்பிக்கொண்டு வந்து வைத்தாள். அப்போதெல்லாம் அழகுத்தாய் இடது கையால் வலது கையைப் பளீரென்று ஒரு அடி அடிப்பாள். “வயசாயிட்டுல்லா, மூதேவி” என்பாள்.

வயசு ஒன்றும் இல்லை. நாற்பது நாளைக்கு முன்னால் கயத்தாற்றில் வன்னியபெருமாள் செத்துப்போனான்.

வன்னியபெருமாள் அவளுடைய புருசன். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் வரை புருசன். லாரி ஓட்டினான். போகிற வழியில் கயத்தாற்றில் டீ குடிக்க நிறுத்தினவன், டீக்கடைக்காரியிடமே நின்றுவிட்டான். ஏழு வருடம் குடும்பம் நடத்தி ஒரு பெண் குழந்தையும் இருக்கும்போது இந்தக் கூத்து. அழகுத்தாய் அழுது புலம்பிக்கொண்டு கயத்தாற்றுக்குப் போகவில்லை. ஊர்க்கூட்டத்தைக் கூட்டச் சொன்னாள். கூட்டத்தில் பெரியவர்கள் ஒரு துரும்பை எடுத்து இரண்டாகக் கிள்ளிப் போட்டு இருவரையும் அத்துவிட்டார்கள். அத்துவிட்டால் அவ்வளவுதான், அப்புறம் அவன் வீட்டு நல்லது பொல்லாது எதற்கும் இவள் இல்லை, இவள் வீட்டுக்கு அவன் இல்லை. அதோடு விட்டிருக்கலாம். அழகுத்தாய் கூட்டத்துக்கு நடுவில் நின்று, “இவன் செத்தாலும் என் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வராது. வந்தா என்னய என்னன்னு கேளுங்க” என்று சொல்லிவிட்டு வந்தாள். ஊர் முழுக்க அவள் வாய்க்குப் பயப்பட ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

சொன்ன வாக்கைக் காப்பாற்றியாக வேண்டும். சாவுச் செய்தி வந்த அன்றும் அவள் வேலைக்கு வந்தாள். மகள் சுதாராணி எட்டயபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அப்பன் சாவுக்குப் போய்விட்டு, வீங்கின கண்ணோடு இங்கே வந்தாள். “எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்தவ தலைக்கு ஊத்திட்டு உள்ள வா” என்றாள் அழகுத்தாய். குளித்துவிட்டு வந்தவளுக்குச் சோறு போட்டாள். யார் யார் வந்தார்கள், எப்போது எடுத்தார்கள் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. மகள்தான் தானாகச் சொன்னாள், கயத்தாற்றுக்காரியிடம் ஊரே வந்து துட்டி கேட்டுவிட்டுப் போனதாக.

இந்தப் பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால் தெரிந்தவர்கள் போய்த் துட்டி கேட்க வேண்டும். பெரிய காரியம் ஒன்றும் இல்லை. போகிறவர்கள் இரண்டு கையையும் நீட்டுவார்கள். இழந்தவர்கள் தங்கள் கையை அதில் வைப்பார்கள். வார்த்தை ஒன்றும் வேண்டாம். பெண்களாக இருந்தால் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுவார்கள், பிறகு மூக்கைச் சிந்திவிட்டுப் பருத்தி விலை பேசுவார்கள். கேட்காமல் விட்டால் பகை. ஆனால் அத்துவிட்டவளிடம் போய் எப்படிக் கேட்பது? ‘இன்னும் அவனையா நினைச்சுக்கிட்டிருக்க’ என்று முகத்துக்கு நேரே கேட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் ஒருத்தியும் கேட்கவில்லை. அழகுத்தாயும் தாலியறுத்தவள் இல்லை, சுமங்கலியும் இல்லை. எதற்கும் சேராமல் உட்கார்ந்து குச்சி அள்ளினாள்.

ஒரு விஷயம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கெட்டவன் முழுசாகக் கெட்டவனாக இருந்து தொலைத்தால் எவ்வளவு வசதி. குடிப்பான், பொய் சொல்வான், கண்ட இடத்தில் வண்டியை நிறுத்துவான். எல்லாம் சரி. ஆனால் அந்த ஏழு வருடமும், வீட்டில் இருக்கிற நாளில், சாயங்காலம் அவள் வந்து உட்கார்ந்ததும் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொள்வான். மருந்துக் குச்சி அள்ளி அள்ளி விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடக்கும். ஒவ்வொரு விரலாக விளக்கெண்ணெய் தடவுவான். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கை. ஆனால் தடவுகிறது தெரியாது. அந்தக் கையைத்தான் கயத்தாற்றில் யாரோ பெருவிரல் இரண்டையும் சேர்த்து வைத்துக் கட்டியிருப்பார்கள். பிணத்துக்கு அப்படித்தானே கட்டுவார்கள். யார் கட்டினார்களோ. இறுக்கிக் கட்டினார்களோ, பார்த்துக் கட்டினார்களோ.

இந்த நினைப்பு வரும்போதெல்லாம் அவளுக்குத் தன் மேல் காறித் துப்ப வேண்டும் போலிருக்கும். மானங்கெட்டவள். வெட்கங்கெட்டவள். பத்தொன்பது வருடம் கழித்து விளக்கெண்ணெய்க்கு ஏங்குகிறவள். இதையெல்லாம் வேறு யாரும் அவளைச் சொல்லவில்லை. அவளே சொல்லிக்கொண்டாள், ஒரு நாளைக்கு நூறு தடவை.

வகுப்பு இரண்டாவது வாரத்துக்குப் போனது. கிருஷ்ணப்ரியா எல்லாரையும் நெஞ்சில் கை வைக்கச் சொன்னாள். அந்த ஊர்ப் பெண்கள் நெஞ்சில் கை வைத்தால் அடுத்தது அடித்துக்கொள்ளத்தான். இரண்டு பேர் பழக்க தோஷத்தில் லேசாக ஓங்கவும் செய்துவிட்டுக் கையை அடக்கிக்கொண்டார்கள்.

“மெதுவா வைங்கம்மா. இப்ப உங்களுக்கு ஒரு சிநேகிதி இருக்காங்கன்னு வச்சுக்குவோம். அவங்க மனசு ஒடைஞ்சு உங்ககிட்ட வர்றாங்க. நீங்க என்ன சொல்லுவீங்க? அதை அப்படியே உங்களுக்கு நீங்களே சொல்லிப் பாருங்க. நாம அடுத்தவங்ககிட்ட காட்டற பரிவை நமக்குக் காட்டறதில்லை.” அவள் பார்வை சுற்றிவிட்டு அழகுத்தாயிடம் வந்து நின்றது. “நீங்க என்னம்மா சொல்லுவீங்க?”

“நானா? ‘ஏட்டி மூதேவி, எம்புட்டு நேரந்தான் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருப்ப, அழுது தொலைச்சிட்டு வந்து ரெண்டு வாய் சோறு தின்னு’ம்பேன்.”

மறுபடியும் கொட்டகை குலுங்கியது.

“கொஞ்சம் கடுமையா இருக்கேம்மா. இன்னும் மென்மையா...”

“மெம்மையாச் சொன்னா எங்க ஊர்ல நம்ப மாட்டாவ, தாயி.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த முத்துத்தாய் மட்டும் சிரித்து முடித்த பிறகும் அழகுத்தாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழகுத்தாய்க்கு ஐந்து வயது இளையவள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மதினி என்று கூப்பிட்டு அவளிடம் திட்டு வாங்குகிறவள். திட்டில் காரம் குறைந்திருக்கிறது என்று அவளுக்குப் பட்டது.

அடுத்த வியாழக்கிழமை அந்தக் கூத்து நடந்தது.

ஐப்பசி மாதம். காலையில் கிழக்கே மேகம் கூடியது. வெளி முற்றத்தில், பக்கவாட்டில் உரசுமருந்து தடவின வெறும் பெட்டிகளை மரச்சட்டங்களில் அடுக்கிச் சட்டம் சட்டமாக வெயிலில் காயப் போட்டிருந்தார்கள். ஒரு தூறல் விழுந்தால் போதும், காகிதம் ஊறி மருந்து வழிந்து அத்தனையும் குப்பை. வானம் பார்த்து விதைத்துவிட்டு மழைக்கு வேண்டிக்கொள்கிற ஊரில், மழை வரக்கூடாது என்று வேண்டிக்கொள்கிற இடம் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றுதான். வீட்டில் புருசன் கரிசலைப் பார்த்து மழை மழை என்பான், பெண்டாட்டி இங்கே வந்து வேண்டாம் வேண்டாம் என்பாள். சாமி யார் பேச்சைக் கேட்கும்? பெரும்பாலும் இரண்டு பேர் பேச்சையும் கேட்காது.

மழையை முதலில் கண்டுபிடித்துச் சொல்கிற வேலை அழகுத்தாய்க்கு. யாரும் கொடுத்த வேலை இல்லை. எட்டயபுரத்தில் தூறல் விழுந்தால் இங்கே அவளுக்குக் காது குடையும் என்று கேலி செய்வார்கள். கேலி செய்தாலும், அவள் “மழ!” என்று ஒரு குரல் கொடுத்தால் நாற்பது பேரும் அடைத்த பெட்டியை மூடாமல்கூட எழுந்து ஓடுவார்கள். ஒரு தடவைகூட அவள் சொல்லிப் பொய்யானதில்லை.

அன்றைக்கு வகுப்பில் கிருஷ்ணப்ரியா புதிதாக ஒரு சி.டி. பிளேயரைக் கொண்டுவந்து வைத்தாள். “இன்னிக்கு இயற்கையோட சத்தத்தைக் கேட்போம்” என்றாள். என்ன சத்தம் என்று சொல்லவில்லை. எல்லாரும் கண்ணை மூடினார்கள். முதலில் குருவி கத்தியது. பிறகு எங்கோ தண்ணீர் ஓடியது. சாப்பிட்ட களைப்பில் பாதிப்பேர் சொக்கிப்போனார்கள். அப்புறம், டப டப டப வென்று இலை மேலே விழுந்து, வலுத்து, சோவென்று பிடித்துக்கொண்டது மழை.

“ஆத்தீ! சட்டம்!”

யார் கத்தினது என்று தெரியாது. கண்ணைத் திறப்பதற்கு முன்னாலேயே எழுந்துவிட்டார்கள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒருத்தி மேல் ஒருத்தி இடித்துக்கொண்டு, கிருஷ்ணப்ரியாவின் தண்ணீர் பாட்டிலை உருட்டித் தள்ளிவிட்டு, முற்றத்துக்கு ஓடினார்கள். “இல்லைங்க, இது சி.டி., சி.டி.!” என்று அவள் கத்தினது யார் காதிலும் விழவில்லை. செல்வகணேஷும் அறைக்குள்ளிருந்து செல்போனை வீசிவிட்டு ஓடிவந்து ஒரு சட்டத்தைத் தூக்கினான். நிர்வாகப் படிப்பெல்லாம் ஒரு நொடியில் பறந்துவிட்டது. பாதிச் சட்டங்களை உள்ளே இழுத்துப் போட்ட பிறகுதான், வியர்வையைத் துடைக்கத் தலையைத் தூக்கின சுகுணா வானத்தைப் பார்த்தாள். காலையில் கூடின மேகம் எப்போதோ கலைந்து, ஒரு பொட்டுகூட இல்லை. சுள்ளென்று வெயில். தலையில் சட்டத்தை வைத்துக்கொண்டு நாற்பது பேர் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். உள்ளே இன்னும் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பினவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

அழகுத்தாய் எழுந்திருக்கவே இல்லை.

சம்மணம் போட்டபடி, கண் மூடி, நெஞ்சில் கை வைத்து, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நாற்பது பேர் இடித்துக்கொண்டு ஓடினது அவளுக்குத் தெரியவில்லை. அவள் அந்த நேரம் கயத்தாற்றில் இருந்தாள். கட்டின பெருவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கயிறு இறுக்கமாகத்தான் இருந்தது.

கிருஷ்ணப்ரியாவுக்கு முகம் மலர்ந்துபோனது. மூன்று வாரத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே பலன். “பாருங்க” என்று கிசுகிசுத்தாள். “அம்மா ஒருத்தங்கதான் உண்மையான தியானத்துல இருக்காங்க. அவங்களுக்கு எல்லாரும் ஒரு கைதட்டல் குடுங்க!”

ஒருத்தியும் தட்டவில்லை. முத்துத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். செல்வகணேஷ் மட்டும் இரண்டு தட்டு தட்டிவிட்டு, யாரும் சேராததைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டான்.

சத்தத்தில் அழகுத்தாய் கண் திறந்தாள். எல்லாரும் நின்று தன்னையே பார்ப்பதைப் பார்த்தாள். சி.டி.யிலிருந்து மழை கேட்டது. அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துபோனது. “என்னத்த அப்படிப் பாக்குதீங்க? பொட்டிக்குள்ள பேயுத மழைக்கு ஓடுததுக்கு நான் என்ன ஒங்கள மாதிரி கிறுக்கச்சியா?” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. பெட்டிக்குள் பெய்கிற மழையென்று அவளுக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும்?

வகுப்பு முடிந்ததும் அவள் தண்ணீர்ப் பானைப் பக்கம் போனாள். முத்துத்தாய் பின்னாலேயே போனாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினவளுக்கு முன்னால் அவள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

“என்னட்டி கைய நீட்டுத? பிச்ச கேக்கியா?”

“மதினி...”

“எங்க வீட்டுல எழவு ஒண்ணும் விழல. கயத்தாத்துல விழுந்துருக்கு. பஸ் ஏறிப் போயி அங்கன கேளு.”

எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். முத்துத்தாயின் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, பிறகு இறங்கியது. “ஒங்க வாய்க்கு ஒரு நாளும் கேடு வராது மதினி” என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்து குச்சி அள்ளினாள்.

அன்று பிற்பகல் அழகுத்தாயின் பண்டல்கள் ஒன்று விடாமல் திரும்பி வந்தன. கடைசிப் பண்டலை வைத்தபோது சுகுணா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அழகுத்தாய் வலது கையைத் தரையில் வைத்து இடது கையால் ஓங்கி அடித்தாள். இரண்டாவது தடவையும் அடித்தாள். மூன்றாவது தடவை ஓங்கினபோது பக்கத்தில் இருந்தவர்கள் குச்சி அள்ளுவதை நிறுத்திவிட்டார்கள் என்பது தெரிந்தது. எழுந்து, வெறும் பெட்டி குவித்து வைத்திருக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சன்னல் வழியாக வெயில் விழுந்தது. பெட்டிக் குவியல் மேல் சாய்ந்து உட்கார்ந்தாள். கை எரிந்தது. கோயம்புத்தூர்க்காரி சொல்லிக்கொடுத்ததைச் சொல்லிப் பார்த்தால்தான் என்ன என்று தோன்றியது. “நான் எனக்கு அன்பா...” என்று ஆரம்பித்தாள். தூ என்று துப்பினாள்.

மதினி என்று கூப்பிட ஆள் உண்டு, அக்கா என்று கூப்பிட ஆள் உண்டு. ‘ஏட்டி’ என்று கூப்பிட அவளுக்கு இப்போது யாரும் மிச்சமில்லை. தாய் போய்விட்டாள். கூப்பிட்ட இன்னொருவன் கயத்தாற்றுக்குப் போய், அங்கிருந்தும் போய்விட்டான்.

“ஏட்டி அழகு” என்றாள்.

தன் குரல் தனக்கே வேறு மாதிரி கேட்டது. தூக்குவாளியை மற்றவளுக்குத் திறந்து வைக்கும்போது வருகிற குரல் அது.

“ஏட்டி மூதேவி. செத்தவன் ஒம் புருசன்தான்ட்டி. துரும்பக் கிள்ளிப் போட்டா? துரும்புதானட்டி ரெண்டாச்சு? வலிக்கத்தான் செய்யும். வலிக்காம என்ன செய்யும், நீ என்ன கருங்கல்லா? எத்தன நாளைக்கு இந்தக் கையப் போட்டு அடிப்ப? அது என்னட்டி பாவம் பண்ணுச்சு?”

அப்போதுதான் பார்த்தாள். இடது கை, உள்ளங்கை மேலே தெரிய, நீண்டிருந்தது. அடிவாங்கிச் சிவந்த வலது கை அதன் மேலே இருந்தது. தன்னிடம் தானே துட்டி கேட்டுக்கொண்ட முதல் ஆள் கோவில்பட்டியில் தானாகத்தான் இருக்க வேண்டும். இந்தக் கேவலத்தை யாராவது பார்த்தால் அவ்வளவுதான் என்று நினைத்தாள். ஆனாலும் கையை எடுக்கவில்லை. விரல் நுனியில் வெடிப்பு அப்படியே இருந்தது. பெருவிரலால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொடுத்தாள். அழுகை மட்டும் வரவில்லை. தனியாக அழ அவளுக்குத் தெரியாது. அந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

மறுநாள் வகுப்பு. கிருஷ்ணப்ரியா சி.டி. பிளேயரைக் கொண்டுவரவில்லை. எல்லாரையும் கண் மூடச் சொன்னாள். “மூச்சை உள்ளே...” என்று ஆரம்பிக்கும்போது அழகுத்தாய் எழுந்தாள். நேராக முத்துத்தாய் முன்னால் போய் உட்கார்ந்தாள். முத்துத்தாய் கண்ணைத் திறந்தாள்.

“நேத்து என்னமோ கேக்க வந்தியே” என்றாள் அழகுத்தாய், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. “அத இப்பம் கேளு. வெரசாக் கேளு, பெல் அடிச்சிருவான்.”

முத்துத்தாய் இரண்டு கையையும் நீட்டினாள். அழகுத்தாய் தன் கையை அதில் வைத்தாள்.

பத்தொன்பது வருடமாக ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்த வாக்கு அந்த இடத்தில் உடைந்தது. முதலில் ஒரு விக்கல் மாதிரிதான் வந்தது. பிறகு, “ஏலே பாவி, சண்டாளா” என்று தொடங்கி அவனைத் திட்டினாள். டீக்குடிக்கப் போனவனே என்று திட்டினாள். நடுத்தெருவில் விட்டவனே என்று திட்டினாள். “எங் கையில எண்ணெயத் தொட்டுத் தொட்டு வச்சியே, ஒங் கைய எவன்லே கட்டுனான், வலிக்காமக் கட்டுனானா” என்று கேட்டுக்கொண்டு முத்துத்தாயின் தோளில் விழுந்தாள். சுகுணா எழுந்து வந்து கையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் கொட்டகை முழுக்க ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து அழுதார்கள். அவரவர் வீட்டில் அழாமல் விட்டுவைத்ததையும் சேர்த்துத்தான்.

கிருஷ்ணப்ரியா பயந்துபோய் ஓடிச் செல்வகணேஷைக் கூட்டிக்கொண்டு வந்தாள். “என்னாச்சு, யாருக்கு என்னாச்சு?” என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

“துட்டி, அண்ணாச்சி” என்றாள் ஒருத்தி. “சும்மா நில்லுங்க.”

கையிலிருந்த செல்போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். போய்க் குனிந்து அழகுத்தாயிடம் இரண்டு கையையும் நீட்டினான். கோயம்புத்தூரில் அதை மட்டும் மறக்கக் கற்றுக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. அவள் கையை வைத்தாள். “அந்த ஃபேனப் பாருங்க மொதல்ல, புழுங்கிச் சாகுதோம்” என்று அழுகையோடு அழுகையாகச் சொன்னாள்.

கிருஷ்ணப்ரியா வாசலிலேயே நின்றாள். என்ன செய்வதென்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. கடைசியில் வந்து, ஒரு கையை மட்டும் தயங்கித் தயங்கி நீட்டினாள்.

“ரெண்டையும் நீட்டு, தாயி. ஒத்தக் கை நீட்டுனா எங்க ஊர்ல அர்த்தம் வேற” என்றாள் அழகுத்தாய். இரண்டையும் நீட்டினாள். முகம் சிவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள் அந்தப் பெண். “மூச்ச விடு. எதுக்கு அடக்கிக்கிட்டு நிக்க? மூச்ச விடு.”

பெல் அடித்தது. மூக்கைச் சிந்தினார்கள். முகம் கழுவினார்கள். சேலையைச் சரிசெய்துகொண்டு அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். பருத்தி இந்த வருடம் என்ன விலைக்குப் போகும் என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

அழகுத்தாய் குவியலுக்குள் கையை விட்டு ஒரு அள்ளு அள்ளினாள். பெட்டிக்குள் தள்ளப்போனவள், சந்தேகப்பட்டு, மடியில் போட்டு எண்ணிப் பார்த்தாள். முப்பத்தெட்டு. பக்கத்திலிருந்து முத்துத்தாய் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே சுகுணாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கை பழக்கத்தில் கொஞ்சம் உயர்ந்தது.

அது அடிக்கவில்லை. குவியலிலிருந்து இரண்டு குச்சி எடுத்துக் கொண்டுவந்து சேர்த்தது.

“என்னட்டி வேடிக்க?” என்றாள் அழகுத்தாய். “அவவ சோலியப் பாருங்க.”